ஜெர்மனிக்குக் குடிவருபவர்கள் சமையலறை அமைத்துக்கொள்வது எப்படி?

வேலை உத்தரவும் விசாவும் கைக்கு வந்ததும் எல்லோரும் குளிர்ச்சட்டை வாங்குவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். மியூனிக்கில் நானும் மனைவியும் வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறைக் கதவைத் திறந்தபோது, சுவரில் மூடி போட்ட இரண்டு குழாய் முனைகளும் மூலையில் தடித்த ஒரு மின்கம்பியும் மட்டுமே இருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை, அடுப்பு இல்லை, ஓர் அலமாரிகூட இல்லை. அந்த நிலையிலிருந்து ஒழுங்கான ஒரு சாம்பார் வைக்கும் நிலைக்கு வருவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. அவற்றில் பாதிக்கு மேல் விவரம் தெரியாததால் வீணான நாள்கள். அந்த நாள்களை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்பதற்காக, பெட்டி கட்டுவதிலிருந்து மாவு புளிக்க வைப்பது வரை வரிசையாக எழுதுகிறேன். தொகைகளில் நான் கொடுத்தவை என்று சொல்பவை என் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

1. பெட்டி கட்டுவது: புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு

ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது பொதுவான அளவு. உங்கள் பயணச்சீட்டில் ஒரு பெட்டியா இரண்டா என்பதை முதலில் பாருங்கள். அந்தக் கிலோக்களை அரிசிக்கும் பருப்புக்கும் செலவழிக்க வேண்டாம். நான் ஐந்து கிலோ பொன்னி அரிசியைச் சுமந்து வந்தேன். அதே அரிசி வீட்டிலிருந்து நான்கு நிறுத்தம் தள்ளியிருந்த தமிழ்க் கடையில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. இங்கே கிடைக்காத, கிடைத்தாலும் நம் சமையலுக்கு ஒத்துவராத சாமான்களுக்கு மட்டுமே எடையை ஒதுக்குங்கள்.

முதலாவது குக்கர். ஐரோப்பியக் குக்கர்களில் பெரும்பாலானவை விசில் அடிப்பதில்லை. கைப்பிடியருகே ஒரு சிறு குமிழ் மேலெழும், அதில் உள்ள கோட்டைப் பார்த்துத் தீயைக் குறைக்க வேண்டும். அம்மா தொலைபேசியில் சொல்லும் "மூணு விசில் விடு" என்ற கணக்கு அதில் செல்லாது. எனவே, இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ள எவர்சில்வர் குக்கர் ஒன்றை, மூன்று லிட்டர் அளவில், இரண்டு மாற்றுக் கேஸ்கெட்டுகளோடும் ஒரு சேஃப்டி வால்வோடும் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ்கெட் அற்பமாகத் தோன்றும். தேய்ந்துபோன பின் அதே அளவில் ஒன்றை இங்கே தேடிப் பாருங்கள், அப்போது அதன் அருமை தெரியும். ஊரில் பாத்திரக்கடைக்குப் போகும்போது குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அடியில் காந்தம் ஒட்டாத எந்தப் பாத்திரமும் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. அலுமினிய இட்லிப் பானை அதில் அடிபட்டுப் போகும்.

இரண்டாவது மிக்ஸி. இந்தியா, ஜெர்மனி இரண்டிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் நம் மிக்ஸி இங்கே சிக்கலில்லாமல் ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது. விமான நிலையத்தில் விற்கும் மலிவான பயண அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. எர்த் இணைப்போடு கூடிய அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். சட்னி ஜாரின் பிளேடும் வாஷரும் கூடுதலாக ஒரு ஜோடி இருக்கட்டும். பிளேடுகள் கைப்பையில் இருக்கக் கூடாது. மேசை மேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர் பத்துக் கிலோவைத் தாண்டும், அதைச் சுமக்காதீர்கள். ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் விற்பதை வாங்கலாம். நாங்கள் 60 யூரோவுக்கு வாங்கினோம்.

மூன்றாவது தோசைக்கல். இது தட்டையாக இருந்தே தீர வேண்டும். என் மாமியார் பதினைந்து ஆண்டுகள் பழக்கிய இரும்புக் கல்லைப் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தோம். கண்ணாடி அடுப்பின் மேல் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்து, தொட்டால் மறுபக்கம் சாய்ந்தது. அடிப்பாகம் சிறிது வளைந்திருந்ததால் நடுவில் உள்ளங்கை அளவு இடம் கருகியது. ஓரத்தில் மாவு வெள்ளையாகவே கிடந்தது. கல்லை இழுத்துச் சரிசெய்யப் போய்க் கண்ணாடியிலும் ஒரு கீறல் விழுந்தது. அந்தக் கல் இப்போது ஊறுகாய் ஜாடிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பொடிகளில் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி மூன்றையும் சேர்த்து இரண்டு கிலோ போதும். காற்றுப் புகாமல் ஒட்டி, மேலே பெயர் எழுதுங்கள். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் சேர்ந்து, 100 மில்லிக்கு மேல் போனால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இரட்டை உறை போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ச் சத்து காரணமாகத் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருளாக விமானப் போக்குவரத்து விதிகள் அதைக் கருதுகின்றன.

2. சுங்கச் சோதனை: இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியோ பாலோ அவற்றால் ஆன பொருள்களோ கொண்டுவரக் கூடாது. கால்நடை நோய்கள் பரவிவிடும் என்ற அச்சத்தால் வந்த விதி இது. அளவு எவ்வளவு குறைவு என்பது செல்லுபடியாகும் வாதம் அல்ல. நெய், பனீர், பால்கோவா மூன்றும் இந்தத் தடைக்குள் வருபவை. அம்மா வெண்ணெய் உருக்கி, முருங்கை இலை போட்டு இறக்கிய ஒன்றரைக் கிலோ நெய் எங்கள் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு நீல நிறத் தொட்டிக்குள் போனது. அந்த அதிகாரி முகத்தைச் சுளிக்காமல், மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போட்டார். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு: பிரிக்காத உறையில் உள்ள, குளிர்பெட்டி தேவைப்படாத குழந்தைப் பால்மாவு ஆளுக்கு இரண்டு கிலோ வரை கொண்டுவரலாம்.

பலருக்கும் தெரியாத விஷயம், கருவாடு கொண்டுவரலாம் என்பது. மீன் பொருள்கள் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதிக்கப்பட்டவை. நெய்யைப் பறிகொடுத்துவிட்டு இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கொண்டுவருவதானால் மூன்று உறை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடைகள் அதே பெட்டியில்தான் இருக்கும்.

தாவரங்களில் பழம், காய், இலை எதற்கும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டுமே விலக்கு. மாம்பழம் அந்தப் பட்டியலில் இல்லை. கறிவேப்பிலைக் கொத்தைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துவைப்பது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம்; அதைச் செய்யாதீர்கள். ஐயமுள்ள பொருள் ஏதாவது இருந்தால் பச்சை வழியில் போகாமல், சிவப்பு வழியில் போய்க் காட்டிவிடுங்கள். தானாகக் காட்டினால் பொருள் மட்டும் போகும். மறைத்துப் பிடிபட்டால் அபராதமும் சேரும். விமானத்தில் வரும் பெரியவர் ஒருவர் 430 யூரோ மதிப்பு வரையிலான பொருள்களைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். புது மிக்ஸியின் ரசீது கையில் இருப்பது நல்லது.

3. தற்காலிக வீடும் முகவரிப் பதிவும்: முதல் இரண்டு வாரங்கள்

பெரும்பாலானோர் முதலில் சாமான்களோடு கூடிய தற்காலிக வீட்டில்தான் இறங்குகிறார்கள். அந்த வீட்டை எடுக்கும்போது, அங்கே 'அன்மெல்டுங்' எனப்படும் முகவரிப் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிலர் வீட்டைக் கொடுப்பார்கள், பதிவுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, பல இடங்களில் வங்கிக் கணக்கும் தடுமாறும், பிறகு நிரந்தர வீடு தேடுவதும் கடினமாகும்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் இதற்கான 'டெர்மீன்', அதாவது முன்பதிவு நேரம், கிடைப்பதே பாடு. ஊரில் இருக்கும்போதே இணையத்தில் நேரம் பிடித்துவையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் காலை ஏழு மணியளவில் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தான நேரங்கள் அப்போது திறக்கின்றன என்பது என் அனுபவம். கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியமர்வு உறுதிச்சீட்டு. குடும்பமாக வந்தால் திருமணச் சான்றிதழையும் அதன் மொழிபெயர்ப்பையும் கேட்கலாம். உறுதிச்சீட்டின் ஜெர்மன் பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. இந்தச் சொல்லை எழுதிவைத்துக்கொண்டு காட்டுங்கள், சொல்ல முயல வேண்டாம். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. நான் ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துப்போய்த் திருப்பி அனுப்பப்பட்டேன். அடுத்த நேரம் பதினெட்டு நாள்கள் கழித்துத்தான் கிடைத்தது. எங்களிடம் பதிவுக்குக் கட்டணம் வாங்கவில்லை. வரி எண் சில வாரங்களில் தபாலில் வரும்; அதற்காக வாசல் மணியருகிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

4. நிரந்தர வீடு: சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள்

ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் சமையலறை இல்லாத வீடு. குடியிருப்பவர் தன் அடுப்பையும் அலமாரிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவது இங்கே இயல்பானது. விளம்பரத்தில் 'ஐன்பவ்க்யூஹெ' என்ற சொல்லோ, அதன் மூன்றெழுத்துச் சுருக்கமான 'ஏ-பே-கா' (EBK) என்பதோ இருந்தால்தான் பொருத்தப்பட்ட சமையலறை உண்டு என்று பொருள். அது இல்லாத விளம்பரப் புகைப்படத்தில் அழகான சமையலறை தெரிந்தாலும் நம்பாதீர்கள், அது கிளம்பப்போகிறவருடையது. நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

கிளம்புபவர் தன் சமையலறையை உங்களுக்கே விற்க முன்வரலாம். அந்தத் தொகைக்கு 'அப்லோஸ' என்று பெயர். இருக்கிற இடத்திலேயே இருப்பதால் இதுதான் மலிவான வழி. வாங்குமுன் அடுப்பின் நான்கு தட்டுகளையும், ஓவனையும், குளிர்பெட்டியையும் ஓடவிட்டுப் பாருங்கள். எந்தெந்தப் பொருள், எவ்வளவு விலை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு நீங்கள் வீட்டைக் காலிசெய்யும்போது அதைக் கழற்ற வேண்டுமா, விட்டுச் செல்லலாமா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வாடகை எழுதியிருக்கும். 'கால்ட்மீட்ட' என்பது வீட்டுக்கு மட்டும். 'வார்ம்மீட்ட' என்பது வெப்பமூட்டல், தண்ணீர் முதலியவற்றையும் சேர்த்தது. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. முன்பணம், கால்ட்மீட்ட கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதையும் மூன்று மாதத் தவணைகளாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று யாராவது எழுதினால் அது மோசடி, பதில்கூடப் போடாதீர்கள். சாவி வாங்கும் நாளில் மின்மானியின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த நிறுவனத்தையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அந்தப் பகுதியின் அடிப்படை மின்நிறுவனம் மின்சாரம் கொடுத்துவிடும், ஆனால் அதன் விலை பெரும்பாலும் கூடுதல். இரண்டு வார அறிவிப்பில் அதிலிருந்து வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம்.

5. வெற்றுச் சுவரிலிருந்து அடுப்பு வரை

புதுச் சமையலறைக்குக் கடையில் ஆர்டர் கொடுத்தால் வர எட்டு வாரம் ஆகும் என்றார்கள். எனவே பழைய பொருள் விற்கும் இணையத்தளத்தில் ஆறு ஆண்டு பழைய சமையலறை ஒன்றை 900 யூரோவுக்கு வாங்கினோம். கழற்றி, ஏற்றி, எங்கள் சுவருக்கு ஏற்பப் பலகையை அறுத்துப் பொருத்த 250 யூரோ ஆனது. அறுக்குமுன் தண்ணீர்க் குழாய் வெளிவரும் இடத்தை மூன்று முறை அளந்துகொள்ளுங்கள். எங்கள் தொட்டி முதலில் குழாய்க்கு இரண்டு சாண் தள்ளி நின்றது.

அடுப்பைச் சுவர்க் கம்பியோடு நீங்களே இணைக்கக் கூடாது. அது மூன்று ஃபேஸ், 400 வோல்ட் இணைப்பு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து ரசீது கொடுத்தால்தான், பின்னால் தீ விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் பேசும். எங்களுக்கு 90 யூரோ ஆனது, நேரம் கிடைக்க ஒன்பது நாள்கள். சாவி கையில் வருவதற்கு முன்பே நேரம் கேட்டுவிடுங்கள்.

இடைப்பட்ட நாள்களுக்குச் சாதாரண பிளக்கில் ஓடும் ஒற்றை இண்டக்‌ஷன் தட்டு ஒன்றை 40 யூரோவுக்கு வாங்கி, கூடத்தில் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துச் சமைத்தோம். பாத்திரங்களைக் குளியலறைத் தொட்டியில் முழங்கால் போட்டுக் கழுவினோம். பருப்புத் துணுக்குகள் வடிகாலை அடைத்தபோதுதான் இரும்புச் சல்லடை ஒன்று இரண்டு யூரோவுக்குக் கிடைக்கும் என்பது உறைத்தது.

வீட்டுக்காரருடைய கண்ணாடி அடுப்பில் வாடகைக்காரர் ஏற்படுத்தும் கீறலுக்கு வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைப்பார். பிறருக்கு ஏற்படுத்தும் சேதங்களுக்கான தனிநபர் பொறுப்புக் காப்பீடு ஒன்றை வந்தவுடன் எடுத்துவிடுங்கள்; நான் ஆண்டுக்கு 50 யூரோவுக்குச் சற்று மேலே கட்டுகிறேன். வாடகை வீட்டுச் சேதங்களும் அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள்.

6. கடைக்குப் போவது

ஞாயிற்றுக்கிழமையும் பொதுவிடுமுறையும் கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள சில கடைகளும், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடைகளும் மட்டும் திறந்திருக்கும். ஈஸ்டர் சமயத்தில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் என்று அடைத்துவிடுவார்கள். இடையில் உள்ள சனிக்கிழமை ஊரே கடைக்குள் நிற்கும்.

சூப்பர் மார்க்கெட்டில் பெயர்கள்தான் பொறி. 'க்யூமெல்' என்று எழுதிய புட்டியைச் சீரகம் என்று நினைத்து வாங்கி ரசம் வைத்தேன். பார்வைக்கு அச்சு அசல் சீரகம்தான். கொதித்தபோது சோம்புக்கும் ஓமத்துக்கும் நடுவே ஒரு மருந்து வாசனை வீடு முழுவதும் எழுந்தது. சீரகத்தின் பெயர் 'க்ராய்ட்ஸ்க்யூமெல்'. உப்புமாவுக்கு ரவை வேண்டுமென்றால் 'ஹார்ட்வைட்சன்கிரீஸ்' என்று பார்த்து வாங்குங்கள். மென்கோதுமை ரவை கூழாகிவிடும். சமையல் சோடாவின் பெயர் 'நாட்ரோன்'. கோதுமை மாவுப் பொட்டலத்தில் 405, 550, 1050 என்று எண்கள் இருக்கும். எண் கூடக் கூடத் தவிடு கூடுதல். சப்பாத்திக்கு 1050 ஓரளவு ஒத்துவருகிறது. பறிபோன நெய்க்கு மாற்றாக 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்ற பெயரில் உருக்கிய வெண்ணெய் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. முருங்கை இலை வாசனை இல்லை என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மற்றவற்றுக்கு ஈழத் தமிழர்கள் நடத்தும் கடையைத் தேடுங்கள். பல ஜெர்மன் நகரங்களில் இருக்கின்றன. அங்கே காய்ந்த மிளகாய் 'செத்தல்', உளுந்து 'உழுந்து'. நான் முதன்முதலில் போனபோது கடைக்கார அண்ணா, "தம்பி, உழுந்து முழுசோ, உடைச்சதோ?" என்று கேட்டுவிட்டு, நான் கறிவேப்பிலையைத் தேடுவதைப் பார்த்து, "வியாழக்கிழமை பின்னேரம் வாங்கோ, அண்டைக்குத்தான் ஊர் மரக்கறி வந்து இறங்கும்" என்றார். உங்கள் ஊர்க் கடைக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும். கேட்டுவைத்துக்கொண்டு அன்றே போங்கள், மறுநாள் காம்புதான் மிஞ்சும். நல்லெண்ணெயையும் இங்கேயே வாங்குங்கள். பொதுவான ஆசியக் கடைகளில் கிடைக்கும் கறுத்த எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. இட்லிப் பொடியில் ஊற்றினால் பொடியின் சுவையே தெரியாது. சிறு கடைகள் பலவற்றில் நம் வங்கி அட்டை செல்லாது, எனவே கையில் 30 யூரோவாவது ரொக்கமாக இருக்கட்டும்.

7. தண்ணீரும் மாவும்

மியூனிக் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் சுண்ணாம்பு அதிகம். கடின நீரில் பருப்பு வேகத் தாமதமாகும். துவரம்பருப்பை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஒரு சிட்டிகை நாட்ரோன் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் கட்டினால் வினிகரோ சிட்ரிக் அமிலத் தூளோ போட்டுக் கொதிக்கவிட்டால் போய்விடும்.

குளிர்காலத்தில் இட்லி மாவு மேசை மேல் மூன்று நாள் இருந்தாலும் அப்படியே இருக்கும். ஓவனின் வெப்பத்தைத் தொடாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவை மூடினால் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. ஆத்திரப்பட்டு 50 டிகிரிக்குத் திருப்பினால் மாவு ஓரத்தில் வெந்து, நடுவில் புளிக்காமல் கிடக்கும். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்; ஓவனின் அடியில் வழிந்து காய்ந்த மாவைச் சுரண்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.

8. புகை, குப்பை, சத்தம்

படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை உணர்கருவி கட்டாயம் இருக்கும். வற்றல் மிளகாய் தாளிக்கும் நெடியில் அது அலறும். தாளிக்குமுன் சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை முழுதாகத் திறந்துவிடுங்கள். வாசல் கதவைத் திறந்து வைத்துப் புகையை மாடிப்படிப் பக்கம் விடுவது அண்டைவீட்டாரின் பகையைச் சம்பாதிக்கும் விரைவான வழி. பல வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி, காற்றை வெளியே தள்ளாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை. அதன் கரி வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

வடை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். புட்டியில் அடைத்து அப்புறப்படுத்துங்கள். சமைத்த மிச்சம் உணவுக்கழிவுத் தொட்டியில் போகலாமா என்பது ஊருக்கு ஊர் மாறுவதால், தொட்டியின் மூடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். பானப் புட்டிகள் பலவற்றுக்கும் தகரக் குப்பிகளுக்கும் விலையோடு 25 சென்ட் 'ஃபான்ட்' வாங்கியிருப்பார்கள். நசுக்காமல் கடையில் உள்ள எந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்பி வரும்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரையிலும், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். ஒப்பந்தத்தோடு வரும் 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்ற வீட்டு விதித்தாளில் மதிய நேரமும் சேர்ந்திருக்கலாம். வந்த இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தோம். ஒன்பது மணிக்குக் கதவில் நான்காக மடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. மிக மரியாதையான ஜெர்மனில், வீட்டில் ஏதாவது துளைபோடும் வேலை நடக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இப்போது சட்னியைச் சனிக்கிழமை மாலையே அரைத்து வைத்துவிடுகிறோம், மிக்ஸிக்கு அடியில் நான்காக மடித்த பழைய துண்டு ஒன்றைப் போட்டு.